காட்டுத்தீயைத் தாங்கும் வீடு: மலையடிவாரத்தில் மனை வாங்கிய சென்னைக்காரர்கள் கேட்கும் கேள்விகள்

மடிப்பாக்கத்தில் வீடுகளுக்கு வரைபடம் போட்டுக் கட்டியும் கொடுக்கிறேன். ஏலகிரி, ஜவ்வாது மலை, கொடைக்கானல் கீழ்மலைப் பக்கம் இடம் வாங்கிப் போட்டவர்கள் வந்து உட்கார்ந்தால் முதலில் தண்ணீரைப் பற்றிக் கேட்பார்கள், அடுத்து யானையைப் பற்றி. தீ ஞாபகத்துக்கு வருவது எழுந்து செருப்பு மாட்டும்போதுதான். 2025 ஜனவரியில் லாஸ் ஏஞ்சலஸ் எரிந்த பிறகு, பிள்ளைகள் கலிபோர்னியாவில் இருக்கும் பெற்றோரும் கேட்கத் தொடங்கிவிட்டார்கள். அதே சந்தேகங்கள் திரும்பத் திரும்ப வருவதால் எழுதி வைத்துவிட்டேன். கேள்விகள் அவரவர் கேட்ட வாக்கிலேயே இருக்கின்றன.

1. சென்னையில உக்காந்துகிட்டு காட்டுத்தீக்கு வீடு கட்டணுமா மேடம்? கொஞ்சம் ஓவரா இல்ல?

அண்ணா நகர் அபார்ட்மென்ட்டுக்குத் தேவையில்லை. ஆனால் நீங்கள் கேட்பது அண்ணா நகர் வீட்டுக்கு இல்லையே. தமிழ்நாட்டு மலைகளில் மாசி தொடங்கி வைகாசி வரை தீக்காலம். 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணி மலையில் தீ சூழ்ந்து 20-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். சென்னையிலிருந்து மலையேறப் போனவர்கள் அதில் பலர். அங்கே எரிந்தது பெரிய மரக்காடு இல்லை, காய்ந்த புல் சரிவு. அதே மாதிரிச் சரிவுகளின் அடியில்தான் இன்று பண்ணை வீட்டு மனைகளுக்குக் கல் நடுகிறார்கள்.

சென்னை ஓரத்திலும் கொஞ்சம் யோசிக்க வேண்டிய இடங்கள் உண்டு: நன்மங்கலம் காப்புக்காட்டை ஒட்டிய தெருக்கள், வண்டலூர் காட்டோரம், கோடையில் கோரை காய்ந்து நிற்கும் பள்ளிக்கரணை விளிம்பு, ஈசிஆர் சவுக்குத் தோப்புக்கு நடுவே கட்டும் வீடுகள். இங்கே ஆபத்து மலையடிவாரத்தைவிடக் குறைவு. ஆனால் செய்ய வேண்டியது ஒன்றுதான்.

2. காட்டுல எரியற தீ வீட்டை எப்படிப் பிடிக்குது? நெருப்பு அப்படியே நடந்து வந்துடுமா?

மூன்று வழிகள். ஒன்று, நெருப்பு நாக்கு நேராகச் சுவரைத் தொடுவது. இரண்டு, தொடாமலே தூரத்திலிருந்து அடிக்கும் அனல். மூன்று, காற்றில் பறந்து வரும் கங்குகள். எல்லோரும் பயப்படுவது முதல் இரண்டுக்கு. வீடுகளை அதிகம் எரிப்பது மூன்றாவது.

அமெரிக்க வனத்துறையில் ஆய்வாளராக இருந்த ஜாக் கோஹன் 1990-களின் கடைசியில் கனடாவின் வடமேற்குப் பகுதியில் ஒரு சோதனை செய்தார். உச்சி வரை பற்றி எரியும் காட்டுக்கு எதிரே 10, 20, 30 மீட்டர் தூரங்களில் மரச் சுவர்களை நிறுத்தினார். 10 மீட்டரில் இருந்தவை சில முறை பற்றின. 20 மீட்டரில் இருந்தவை கருகினவே தவிர, பற்றவில்லை. சுமார் 65 அடி தள்ளி நிற்கும் மரச் சுவரையே அனல் பற்ற வைக்கவில்லை என்றால், காட்டிலிருந்து அரை கிலோமீட்டர் தள்ளி இருக்கும் வீடுகள் எப்படிச் சாம்பலாகின்றன? கங்குதான் காரணம்.

3. ஒரு தீப்பொறியில வீடே எரிஞ்சிடுமா? நம்பற மாதிரி இல்லையே.

தீபாவளி ராக்கெட் கீற்றுக் கூரையில் விழுந்து குடிசை எரிவதைப் பார்த்து வளர்ந்த ஊர் இது, நாம் நம்பாவிட்டால் யார் நம்புவது? ராக்கெட் ஒன்றுதான் விழுகிறது. காட்டுத்தீயின் காற்றிலோ ஆயிரக்கணக்கில் வரும், ஒரு கிலோமீட்டருக்கு அப்பாலிருந்தும் வரும், மணிக்கணக்கில் வரும். வெறும் சிமென்ட் தரையில் விழுந்தால் அணைந்துவிடும். சருகு மேல், மிதியடி மேல், ஓட்டுக்கு அடியில், ஜன்னல் வழியே மெத்தை மேல் விழுந்தால் கனிந்து கனிந்து, சில சமயம் தீ கடந்துபோன பல மணி நேரம் கழித்துப் பற்றும்.

2018 நவம்பரில் கலிபோர்னியாவின் பாரடைஸ் ஊர் எரிந்த படங்களைப் பார்த்திருப்பீர்கள்: வீடு தரைமட்டம், பக்கத்தில் மரம் பச்சையாக நிற்கும். தீச்சுவர் வந்து எரித்திருந்தால் மரம் முதலில் போயிருக்கும். உள்ளே புகுந்த கங்கு வீட்டை உள்ளிருந்து எரித்திருக்கிறது, அல்லது பக்கத்து வீடு எரிந்து இதைப் பற்ற வைத்திருக்கிறது.

என்னிடம் வருபவர்களுக்கு நான் தரும் முதல் வேலை இது. பங்குனி, சித்திரையில் ஒரு நாள் மனையில் நின்று, காற்று சருகை எந்த மூலையில் கொண்டு சேர்க்கிறது என்று பாருங்கள். கங்குகளையும் அதே காற்று அதே மூலையில்தான் சேர்க்கும். வரைபடத்தில் அந்த மூலையில் மரக் கதவோ, விறகு அடுக்கும் இடமோ, திறந்த வென்டிலேட்டரோ வரக் கூடாது. அமெரிக்காவின் தென் கரோலினாவில் காப்பீட்டு நிறுவனங்கள் நடத்தும் ஓர் ஆய்வுக்கூடத்தில் முழு அளவு வீட்டையே கட்டி, ராட்சத விசிறிகளால் கங்கு மழை பொழியவிட்டுப் பார்க்கிறார்கள். அங்கேயும் முதலில் எரிவது இந்த மூலை முடுக்குகள்தான்.

4. நம்ம ஊர் வீடு செங்கல், கான்கிரீட். எரியவே எரியாதே! அப்புறம் என்ன கவலை?

பாதி சரி. செங்கல், ஹாலோ பிளாக், எடை குறைந்த ஏஏசி பிளாக், கான்கிரீட் எதுவும் எரியாது. இந்த விஷயத்தில் அமெரிக்க மர வீட்டைவிட நாம் பல படி முன்னால் நிற்கிறோம். ஆனால் வீட்டுக்குள் இருப்பது? சோபா, மெத்தை, பிளைவுட் அலமாரி, திரைச்சீலை, பீரோ நிறையத் துணி. கங்கு உள்ளே போய்விட்டால் சுவர் மட்டும் மிஞ்சும்.

உள்ளே முழு வேகத்தில் எரிந்தால் கான்கிரீட்டும் தப்பாது. மேற்பூச்சு வெடித்து உதிரும். கம்பி 550 டிகிரி செல்சியஸை நெருங்கும்போது ஏறத்தாழ பாதி பலத்தை இழந்துவிடும். கம்பிக்கு மேல் எத்தனை மி.மீ. கான்கிரீட் மூடியிருக்க வேண்டும் என்பதை கான்கிரீட் வேலைக்கான இந்தியத் தரநிலை ஐ.எஸ். 456 தீ தாங்கும் மணிக்கணக்குப்படியும் சொல்கிறது. மேஸ்திரி, கம்பிக்கும் பலகைக்கும் நடுவே இடைவெளி காக்கும் கவர் பிளாக் வைக்காமல் ஜல்லித் துண்டை வைத்து ஒப்பேற்றுகிறாரா என்று பார்ப்பது தீக்கும் சேர்த்துத்தான். எரிந்த வீட்டை வெள்ளையடித்துக் குடியேறாதீர்கள். ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியர் பார்த்துச் சோதித்த பிறகுதான்.

5. அப்போ அமெரிக்காக்காரன் ஏன் இன்னமும் மரத்துலயே கட்டறான்?

மரம் அங்கே கிடைக்கிறது, வேலை சீக்கிரம் முடிகிறது, நிலநடுக்கத்தில் கனமான செங்கல் சுவரைவிட மரச்சட்ட வீடு நன்றாக ஆடித் தாங்குகிறது. முட்டாள்தனம் இல்லை. மரச்சட்டத்தின் மேல் எரியாத பூச்சு, எரியாத கூரை, வலையடித்த காற்றுத் துளை என்று உடுத்திவிட்டால் அதுவும் தாங்கும். தீ அபாயப் பகுதிகளில் கட்டும் புது வீடுகளுக்கு 2008 முதல் கலிபோர்னியா கட்டட விதிகள் இதைக் கட்டாயமாக்கின.

பாரடைஸில் பின்னர் எண்ணிப் பார்த்தார்கள். 1997-க்கு முன் கட்டிய தனி வீடுகளில் தப்பியது ஏறத்தாழ 11 சதவீதம். அதற்குப் பின் கட்டியவற்றில் ஏறத்தாழ 38 சதவீதம். 2008 விதிக்குச் சற்று முன்னும் பின்னும் கட்டிய வீடுகளுக்கு இடையே பெரிய வித்தியாசம் தெரியவில்லை. பக்கத்தில் எரிந்த வீடு எவ்வளவு கிட்டே இருந்தது என்பதுதான் அதிகம் தீர்மானித்தது. அதற்கு 13-ஐப் பாருங்கள்.

6. மலை வீடுன்னா ஓட்டுக் கூரைதான் அழகு. மங்களூர் ஓடு போடலாமா?

ஓடு எரியாது. ஓட்டுக்கு அடியில் அதைத் தாங்கும் மர ரீப்பரும் (குறுக்குச் சட்டம்), அதன் மேல் பல வருடமாகச் சேர்ந்த சருகு, எலிக்கூடு, குருவிக்கூடும் எரியும். ஓட்டுக்கும் ஓட்டுக்கும் நடுவே உள்ள சந்தில் கங்கு தாராளமாக நுழையும். அழகு வேண்டுமென்றால் கான்கிரீட் தளத்தைச் சரிவாகப் போட்டு, மேலே ஓட்டைப் பதித்துவிடுங்கள். பார்வைக்கு ஓட்டு வீடு, தீக்குக் கான்கிரீட் வீடு. மரக்கட்டு வேண்டவே வேண்டும் என்பவர்களுக்கு இரும்புச் சட்டமும் ரீப்பரும் போட்டு, ஓட்டுக்குக் கீழே எரியாத பலகை அடித்து, ஓரங்களைக் கலவையால் அடைத்துத் தருகிறேன்.

மயிலாப்பூர், திருவல்லிக்கேணிப் பழைய வீடுகளில் இருக்கும் மெட்ராஸ் டெரஸ் பற்றியும் ஒருவர் கேட்டார். தேக்கு உத்தரத்தின் மேல் செங்கல்லைக் குத்தாக அடுக்கிச் சுண்ணாம்பு போட்ட தளம் அது. மேலிருந்து விழும் கங்கு அதை ஒன்றும் செய்யாது. அறைக்குள் எரிந்தால்தான் உத்தரம் போகும்.

7. மாடியில வெயிலுக்கு கீத்துக் கொட்டகை போட்டுக்கலாம்னு இருக்கோம். ஷீட்டு போட்டா பரவாயில்லையா?

கீற்று வேண்டவே வேண்டாம். 2004 ஜூலை 16, கும்பகோணம் பள்ளியில் சமையலறையில் பிடித்த தீ கீற்றுக் கூரைக்குத் தாவி 94 குழந்தைகள் இறந்தார்கள். இதற்கு மேல் நான் என்ன சொல்ல? ரூர்க்கியில் உள்ள மத்திய கட்டட ஆராய்ச்சி நிறுவனம், கரையாத மண் பூச்சும் ரசாயனமும் சேர்த்துக் கூரை வேய்ந்தால் எளிதில் பற்றாதபடி செய்யும் முறையை உருவாக்கியது. வேறு வழி இல்லாத குடிசைக்கு அது வரம். நீங்கள் ஆசைக்குப் போடும் மாடிக் கொட்டகைக்கு அது சாக்காகக் கூடாது.

தகர ஷீட் எரியாது, ஆனால் அதன் நெளிவு சுவரில் உட்காரும் இடத்தில் வரிசையாக ஓட்டைகள் இருக்கும், அடைக்க வேண்டும். ஃபைபர் ஷீட், பச்சை வலை, மூங்கில் தட்டி, பிளாஸ்டிக் புல் விரிப்பு எல்லாம் கங்கு பட்டதும் உருகிச் சொட்டும் அல்லது பற்றும். மாடி வெயிலுக்கு வெள்ளை கூல் ரூஃப் ஓடு பதியுங்கள். இரண்டு பிரச்சினையும் ஒரே செலவில் தீரும்.

8. எல்லா ஜன்னலுக்கும் கொசுவலை அடிச்சிருக்கோம். அது போதாதா?

இந்தக் கேள்வி எனக்குப் பிடிக்கும், ஏனென்றால் கிட்டத்தட்ட போதும். ஆஸ்திரேலிய விதி வலைக்கண் 2 மி.மீ.க்கு மேல் இருக்கக் கூடாது என்கிறது. கலிபோர்னியா விதி ஏறத்தாழ ஒன்றரை முதல் மூன்று மி.மீ. வரை விடுகிறது. நம் கொசுவலைக் கண் இந்த அளவுக்குள் அடங்கிவிடும். பிரச்சினை பொருளில். நைலான் வலையில் ஒரு கங்கு ஒட்டினால் ஓட்டை விழும், அடுத்த கங்கு அதே ஓட்டை வழியே மெத்தைக்குப் போகும். துருப்பிடிக்காத இரும்பு வலைதான் வேண்டும். கடற்காற்று வரும் ஈசிஆரில் 304 ரகம் கறை படியும், 316 வாங்குங்கள். வலை ஜன்னலுக்கு வெளிப்பக்கம் இருந்தால் கண்ணாடி மேல் அடிக்கும் அனலையும் கொஞ்சம் குறைக்கும்.

ஜன்னலோடு நிறுத்திவிடாதீர்கள். பாத்ரூம் வென்டிலேட்டர், சமையலறை எக்ஸாஸ்ட், புகைபோக்கிக் குழாய், ஏசி குழாய்க்குத் துளைத்த ஓட்டை, ஷட்டருக்கும் தரைக்கும் உள்ள இடைவெளி, வாசற்கதவின் அடிச்சந்து: இவை யாருக்கும் ஞாபகம் வருவதில்லை. உட்புறமாகவும் வெளிப்புறமாகவும் ஒரு சுற்று நடந்து, வெளிச்சம் தெரியும் இடத்தையெல்லாம் சாக்பீஸால் குறித்து வையுங்கள்.

9. அக்கா, மேல கேப் விட்டாதான் சூடு வெளிய போகும். அதையும் அடைக்கச் சொல்றீங்களே?

இது ஒரு மேஸ்திரி கேட்டது. நியாயமான கேள்வி. அடைக்கச் சொல்லவில்லை அண்ணே, வலை அடிக்கச் சொல்கிறேன். காற்றுத் துளையை ஒன்றரை மடங்கு பெரிதாக்கி வலை போட்டால் காற்று குறையாது. வருடத்துக்கு ஒருமுறை ஒட்டடை அடிக்க வேண்டும், அவ்வளவுதான்.

10. பெரிய பெரிய கண்ணாடி ஜன்னல் வெச்சு மலையைப் பாக்கணும்னு ஆசை. உடைஞ்சிடுமா?

சாதாரணக் கண்ணாடி அனலில் சீக்கிரம் விரியும். நடுப்பகுதி சூடாகும், சட்டத்துக்குள் மறைந்த ஓரம் குளிர்ச்சியாகவே இருக்கும், அந்த வித்தியாசத்தில் விரிசல் விடும். டஃபன்டு கண்ணாடி, அதாவது சூடாக்கிச் சட்டென்று குளிரவைத்து இறுக்கியது, ஏறத்தாழ நான்கு மடங்கு வலு. இரட்டைக் கண்ணாடியில் ஒரு பலகையாவது டஃபன்டாக இருந்தால் நல்லது. கலிபோர்னிய விதி கேட்பதும் ஏறக்குறைய அதுதான். சட்டம் யுபிவிசி பிளாஸ்டிக் என்றால் 80 டிகிரி வாக்கிலேயே இளக ஆரம்பிக்கும். உள்ளே இரும்பு இல்லாத மலிவு ரகம் என்றால் கண்ணாடி சட்டத்தோடு சரியும். அலுமினியம் அல்லது இரும்பு போடுங்கள்.

பெரிய ஜன்னலை வேண்டாம் என்று நான் சொல்வதில்லை. சரிவும் காடும் இருக்கும் பக்கத்தில் வைக்கிறீர்கள் என்றால் அதற்கு வெளியே இழுத்து மூடும் இரும்பு ஷட்டர் ஒன்றையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

11. வீட்டைச் சுத்தி செடியே வைக்கக் கூடாதா? அப்புறம் எதுக்கு பண்ணை வீடு?

சுவரை ஒட்டிய முதல் ஐந்து அடியில் மட்டும் எரியக்கூடியது எதுவும் வேண்டாம். சரளை, கடப்பா கல், சிமென்ட் தளம். துளசி மாடம் இருக்கட்டும். அதைச் சுற்றிச் சருகு சேராமல் பார்த்துக்கொள்ளுங்கள். தென்னை நார்க் கழிவு நிரப்பிய தொட்டிகள், மர பெஞ்ச், செருப்பு ஸ்டாண்ட், அட்டைப்பெட்டிக் குவியல், சன்ஷேடுக்கு அடியில் அடுக்கிய விறகு எல்லாம் நகர வேண்டும். விறகு 30 அடி தள்ளி. கேஸ் சிலிண்டரும் சுவரோரச் சருகு மூலையில் நிற்கக் கூடாது.

அதற்கு வெளியே கலிபோர்னியாவில் 30 அடி, 100 அடி என்று இரண்டு வட்டங்கள் போடுகிறார்கள். 30 அடிக்குள் புல் வெட்டியும், மரக்கிளைகள் ஒன்றோடொன்று தொடாமலும், கூரை மேல் சாயாமலும் இருக்க வேண்டும். 100 அடி வரை அடர்த்தியைக் குறைக்க வேண்டும். அடர்த்தியைக் குறைப்பது என்றால் மொட்டையடிப்பது இல்லை. தரைப்புல்லிலிருந்து உண்ணிச்செடிக்கும், அதிலிருந்து தாழ்ந்த கிளைக்கும் தீ ஏறும் ஏணியை வெட்டினால் போதும். பெரிய மரம் நிற்கலாம்; அது சில கங்குகளைத் தடுக்கவும் செய்யும்.

ரகம் கேட்பவர்களுக்கு: சவுக்கும் தைலமரமும் வீட்டோரம் வேண்டாம். ஒன்று ஊசிச் சருகைக் கம்பளமாக விரிக்கும், மற்றதில் எண்ணெய். தென்னை, பனை வைத்தால் காய்ந்த மட்டையைத் தொங்கவிடாதீர்கள். மா, நெல்லி, பலா பராமரித்தால் தொந்தரவில்லை. எந்தச் செடி என்பதைவிட, மார்ச் மாதத்தில் அதன் கீழே எவ்வளவு காய்ந்தது கிடக்கிறது என்பதுதான் கேள்வி.

12. மலைச் சரிவுல, நல்லா வியூ இருக்கற மேட்டுல கட்டணும். அதுல என்ன பிரச்சினை?

தீ மேட்டை நோக்கி வேகமாக ஓடும். சரிவு 10 டிகிரி கூடினால் வேகம் ஏறத்தாழ இரட்டிப்பு, 20 டிகிரி என்றால் நான்கு மடங்கு என்பது ஆஸ்திரேலியத் தீயணைப்பு வீரர்களின் கைக்கணக்கு. நீங்கள் வியூ பார்க்க நிற்கும் விளிம்புதான் தீ ஏறிவரும் வாய். விளிம்பிலிருந்து பின்னால் தள்ளிக் கட்டுங்கள், கீழ்ச்சரிவில் 11-இல் சொன்ன தூரங்களைக் கூட்டுங்கள். தூண் மேல் தூக்கி மரப்பலகைத் தளம் போடும் ரிசார்ட் பாணி சரிவில் மிக மோசமான தேர்வு. அடியில் சருகு சேரும், அடியிலிருந்தே எரியும். தூக்கித்தான் ஆக வேண்டும் என்றால் கான்கிரீட் தளம் போட்டு, அடிப்பகுதியைச் சுற்றிலும் கல்லால் மூடிவிடுங்கள்.

மலைக் கிராமங்கள் பலவற்றில் கட்டுவதற்கு ஹாகா எனப்படும் மலையிடப் பாதுகாப்புக் குழுமத்தின் அனுமதியும் வேண்டும். மனை வாங்கும் முன்னே கேளுங்கள்.

13. நம்ம வீட்டை நல்லா கட்டிட்டோம். பக்கத்து வீட்டுக்காரர் கீத்துல கட்டியிருந்தா?

சிக்கல்தான். 2023 ஆகஸ்டில் ஹவாயின் லஹைனாவிலும் 2025-இல் லாஸ் ஏஞ்சலஸிலும் தீ ஊருக்குள் வந்த பிறகு காடு தேவைப்படவில்லை. வீடு வீட்டை எரித்தது. காட்டுத்தீ ஓரிடத்தைச் சில நிமிடங்களில் கடந்துவிடும். எரியும் வீடு மணிக்கணக்கில் அனல் அடித்துக்கொண்டே நிற்கும். பக்கத்து எல்லைக்கு ஐந்தடி விட்டுக் கட்டும் நம் மனைப்பிரிவுகளில் இது கவனிக்க வேண்டியது. அந்தப் பக்கச் சுவரில் ஜன்னலைக் குறையுங்கள், இருப்பதற்கு டஃபன்டு கண்ணாடி, மேலே கைப்பிடிச் சுவரை உயர்த்துங்கள்.

செங்கல் காம்பவுண்ட் சுவர் தரையோடு வரும் தீயையும் அனலையும் நன்றாகத் தடுக்கும். மூங்கில் வேலியும் முள்வேலியும் அதற்கு நேர் எதிர். தீயைக் கைபிடித்து வீட்டுக்குக் கூட்டி வந்துவிடும். வேலி கல்லோ கம்பியோ, வீட்டைத் தொடும் கடைசிப் பகுதியாவது எரியாததாக இருக்கட்டும்.

14. மாடியில ஸ்பிரிங்க்ளர் போட்டு தண்ணி அடிச்சா முடிஞ்சுதே?

கரண்ட் இருக்குமா என்று முதலில் கேளுங்கள். மலையில் தீ வந்தால் லைன் போய்விடும் அல்லது பாதுகாப்புக்காக நிறுத்துவார்கள். மோட்டார் நின்றதும் ஸ்பிரிங்க்ளர் வெறும் குழாய். லாஸ் ஏஞ்சலஸில் தீயணைப்புக்கென்று தெருவில் வைத்த நகராட்சி ஹைட்ரன்ட் குழாய்களிலேயே மேட்டுப் பகுதிகளில் அழுத்தம் இல்லாமல் போனது.

தண்ணீர் வேண்டாம் என்று இல்லை. டீசல் பம்ப், மண்ணுக்குள் புதைத்த குழாய், கான்கிரீட் சம்ப். வெளியே நிற்கும் பிளாஸ்டிக் டேங்கும் பிவிசி குழாயும் அனலில் போய்விடும். ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில் பெரிய மனைகளில் தீக்கென்றே 10,000 லிட்டர் ஒதுக்கச் சொல்கிறார்கள். சம்ப் கட்டும் நம் ஆட்களுக்கு அது பெரிய விஷயமே இல்லை. ஆனால் இது 8, 11 இரண்டையும் முடித்த பிறகு வரும் செலவு.

15. தீப்பிடிக்காத பெயின்ட்னு விக்கறாங்களே?

சூட்டில் உப்பி நுரைக்கும் பூச்சு உண்டு, வீட்டுக்குள் இரும்புத் தூணுக்கு நல்லது. வெளி மரத்தில் வெயிலும் மழையும் அதைத் தின்றுவிடும். செங்கல் சுவருக்குப் பூசச் சொன்னால் உங்கள் பணத்துக்கு வந்தவர் அவர்.

16. இவ்வளவு பண்ணிட்டா, தீ வந்தா உள்ளேயே கதவைச் சாத்திட்டு இருந்துடலாமா?

கூடாது. வீட்டைப் பலப்படுத்துவது வீடு தப்ப. நீங்கள் தப்புவதற்கு வழி, சீக்கிரம் கிளம்புவது. 2009 பிப்ரவரி 7 அன்று விக்டோரியாவில் காட்டுத்தீயில் 173 பேர் இறந்தார்கள், பெரும்பகுதியினர் வீடுகளுக்குள். 'தயாராகி நின்று காப்பாற்று, இல்லையேல் முன்கூட்டியே கிளம்பு' என்று அதுவரை சொல்லி வந்தவர்கள், அதன் பிறகு கிளம்புவதையே அழுத்திச் சொல்கிறார்கள்.

மனை வாங்கும்போதே இரண்டாவது வழி இருக்கிறதா, தீயணைப்பு வண்டி திரும்ப இடம் இருக்கிறதா என்று பாருங்கள். இந்திய வன ஆய்வு நிறுவனம் செயற்கைக்கோள் வழியாகக் கண்டறியும் தீயை எஸ்எம்எஸ்ஸாக அனுப்புகிறது, பொதுமக்களும் பதியலாம். பக்கத்து ரேஞ்சர் அலுவலக எண்ணை 101, 112-உடன் சேர்த்துச் சமையலறைச் சுவரிலேயே எழுதி வையுங்கள். வழி அடைபட்டு மாட்டிக்கொண்டால் மட்டும் வீடு கடைசிப் புகலிடம்: தீ வரும் திசைக்கு எதிர்ப்பக்க அறை, பருத்தி உடை, ஈரத்துணி, வெளிக்கதவு கண்ணில் படும்படி. தீ முன்வரிசை கடந்ததும் எரிந்து முடிந்த தரைக்கு வெளியேறிவிட வேண்டும்.

17. வீடு கட்டி பத்து வருஷம் ஆச்சு. கையில காசு கம்மி. எதை முதல்ல பண்ணட்டும்?

துடைப்பமும் அரிவாளும் எடுக்கும் வேலை முதலில்: கூரை, மழைநீர்த் தகரம், ஐந்தடி வட்டம். அடுத்து இரும்பு வலை. மூன்றாவது, மாடிக் கொட்டகையைப் பிரிப்பது. கண்ணாடி மாற்றுவது இதற்கெல்லாம் பிறகு. கூரையைப் பிரித்துக் கட்டுவது கடைசி. சோலார் பேனல் இருந்தால் அதன் அடியில் சேரும் சருகைத் தள்ளிவிடுங்கள்.

18. இன்சூரன்ஸ்ல காட்டுத்தீ வருமா?

2021 ஏப்ரல் 1 முதல் எல்லாப் பொதுக் காப்பீட்டு நிறுவனங்களும் விற்கும் பாரத் கிருக ரக்ஷா வீட்டுப் பாலிசியில் காட்டுத்தீ, புதர்த்தீ இரண்டும் இழப்பீட்டுக்குரிய காரணங்களின் பட்டியலிலேயே இருக்கின்றன. கட்டி முடித்ததும் எடுங்கள். மாதக்கணக்கில் பூட்டியிருக்கும், ஹோம்ஸ்டேவாக விடுவேன், தோட்டத்தில் கீற்றுக் குடில் இருக்கிறது என்பதையெல்லாம் எடுக்கும்போதே சொல்லி எழுத்தில் பதில் வாங்குங்கள்.

19. பையன் சாக்ரமென்டோ பக்கம் வீடு பாக்கறான். என்ன கேக்கச் சொல்லட்டும்?

முன்பணம் கொடுக்கும் முன் காப்பீட்டு விலை கேட்கச் சொல்லுங்கள். சில பகுதிகளில் நிறுவனங்கள் பாலிசி தருவதையே நிறுத்திவிட்டதால், கடைசிப் புகலான ஃபேர் பிளான்தான் கிடைக்கும்; அது தரும் பாதுகாப்பு குறைவு. மாநிலத் தீ அபாய வரைபடத்தில் அந்த முகவரி எந்த நிறத்தில் வருகிறது என்று பார்க்கட்டும். அபாயம் அதிகமுள்ள பகுதி என்றால், வீட்டைச் சுற்றிய வெட்டவெளி விதிப்படி இருக்கிறது என்பதற்கான ஆவணத்தை விற்பவர் காட்ட வேண்டும். வீடு 2008-க்கு முன்னா பின்னா, கூரை என்ன, காற்றுத் துளை வலை என்ன, அடுத்த வீடு எத்தனை அடி: 5, 8, 13 மூன்றையும் போனில் படித்துக் காட்டினாலே போதும்.

20. நாங்க மாசத்துக்கு ஒரு தடவைதான் போவோம். மத்த நாள் பூட்டியே கிடக்கும். யார் பாத்துக்கறது?

இங்கேதான் மேலே சொன்ன எல்லாவற்றுக்கும் சோதனை. ஆள் இருந்தால் ஒரு கங்கை வாளித் தண்ணீரில் அணைத்துவிடலாம். பூட்டிய வீடு தானாகத்தான் நிற்க வேண்டும். ஆகவே ஓடி வந்து மூடவேண்டிய எதையும் நம்பாதீர்கள்: கிளம்பும்போதே ஷட்டர் இறக்கி, நாற்காலி, மெத்தை, மிதியடி உள்ளே எடுத்து, திரைச்சீலையை ஜன்னலிலிருந்து ஒதுக்கி, சிலிண்டரை மூடிவிட்டு வாருங்கள்.

காவலாளிக்கு தை கடைசியில் ஒரு முறை, பங்குனியில் ஒரு முறை என்று புல் வெட்டவும் கூரை கூட்டவும் தனிக்கூலி பேசிவிடுங்கள். வெட்டிய புல்லை அங்கேயே கொளுத்த வேண்டாம் என்பதையும் அப்போதே சொல்லுங்கள். பக்கத்துக் காப்புக்காட்டுக்குள் அது தாவினால் வனச் சட்டப்படி குற்றம், பதில் சொல்ல வேண்டியது நீங்கள். குழி வெட்டி மட்கவிட்டால் அடுத்த ஆடிக்கு உரமாகிவிடும்.